சிறு ஊரில் பர்சனல் ஸ்டைலிங் தொழில்: விளம்பரத்துக்கு முன் செய்ய வேண்டியவை

பர்சனல் ஸ்டைலிங் என்பது ஒருவருக்குப் பொருந்தும் உடைகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வேலை. நான் இந்தத் தொழிலைத் தலைகீழாகத் தொடங்கினேன். முதலில் விசிட்டிங் கார்டு அடித்தேன், அடுத்து இன்ஸ்டாகிராம் பக்கம் திறந்தேன், ஆட்கள் விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான் கட்டணம் எவ்வளவு சொல்வது என்று யோசித்தேன். ஒப்பந்தம் என்ற ஒன்று வேண்டும் என்பது முதல் தகராறு வந்த அன்றுதான் உறைத்தது. பெரிய நகரத்தில் இப்படித் தொடங்கினாலும் எப்படியோ பிழைத்துக்கொள்ளலாம். ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் இன்னொருவர் கிடைப்பார். சிறு ஊரில் ஒருவருடைய மனக்கசப்பு ஒரே வாரத்தில் அவர் வேலை பார்க்கும் இடத்தையும், அவர் பிள்ளை படிக்கும் பள்ளியையும், அவர் வழக்கமாகத் துணி வாங்கும் கடையையும் எட்டிவிடும். ஆகவே கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். எல்லாம் முடிய ஏறத்தாழ நான்கு மாதம் ஆகும். அதுவரை கையில் இருக்கும் வேலையை விட வேண்டாம்.

1. கட்டணம் தரக்கூடியவர்களைப் பெயர் பெயராக எண்ணுங்கள் (இரண்டு வாரம்)

"எங்கள் ஊரில் இதற்கெல்லாம் யார் பணம் கொடுப்பார்கள்?" என்ற கேள்விக்கு ஊகமாகப் பதில் சொல்லிக்கொள்ளாதீர்கள். ஒரு நோட்டை எடுத்து, உடை விஷயத்தில் உண்மையான தேவை இருக்கும் ஆட்களை எழுதுங்கள்: புதிய பதவிக்குப் போனவர், உடல் எடை வெகுவாக மாறியவர், பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்புபவர், மேடையிலோ வாடிக்கையாளர் முன்னிலையிலோ அடிக்கடி நிற்க வேண்டியவர், கடைக்குப் போகவே வெறுப்பவர். நான் நாற்பது பெயர் எழுதினேன். நேரில் பேசியபோது பதினொரு பேர் "கண்டிப்பாக வருகிறேன்" என்றார்கள். அந்த ஆண்டு உண்மையில் பணம் கொடுத்தவர்கள் நான்கு பேர். ஆர்வம் காட்டுவது வேறு, பர்ஸைத் திறப்பது வேறு.

பேசும்போது "இந்தச் சேவை வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகவே எல்லோரும் ஆம் என்பார்கள். "கடந்த ஓராண்டில் வாங்கி, இரண்டு முறைக்கு மேல் உடுத்தாத உடைகள் எத்தனை?" என்று கேளுங்கள். அந்த எண்ணை ஒருவர் உடனே சொல்லிவிட்டால், அது அவரை ஏற்கெனவே உறுத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். அவர் பெயரின் கீழ் கோடிட்டுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய பக்கத்து ஊர்களுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். ஓர் ஊரை மட்டும் நம்பி இந்தத் தொழில் நடப்பது கடினம்.

2. மூன்று சேவைகளுக்கு மேல் வைக்காதீர்கள்

தொடக்கத்தில் அலமாரிச் சீரமைப்பு (ஒருவரிடம் ஏற்கெனவே உள்ள உடைகளைப் பார்த்து ஒழுங்கு செய்வது), உடன் சென்று உடை வாங்கித் தருவது, ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கான முழு உடைத் தேர்வு ஆகிய மூன்றும் போதும். மேக்கப், முடி அலங்காரம், புகைப்பட ஷூட் என்று சேர்த்துக்கொண்டே போனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி, தனித் திறமை, தனிப் பொறுப்பு என்று செலவு கூடும். போதாக்குறைக்கு, ஊரில் ஏற்கெனவே அந்த வேலையைச் செய்பவர்கள் உங்களைப் போட்டியாளராகப் பார்ப்பார்கள். அவர்கள்தான் உங்களுக்கு ஆள் அனுப்ப வேண்டியவர்கள்.

சான்றிதழ் தேவையா என்று பலர் கேட்கிறார்கள். ஏ.ஐ.சி.ஐ. என்ற சர்வதேச இமேஜ் கன்சல்டன்ட் (தோற்ற ஆலோசகர்) சங்கம் படிநிலைச் சான்றிதழ்கள் தருகிறது. வேறு பயிற்சி வகுப்புகளும் ஏராளம். முதல் ஆண்டில் அந்தப் பணத்தைச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்குப் பதிலாக ஒரு தையற்கடையில் சில வாரங்கள் உட்கார்ந்து எந்தத் திருத்தம் எளிது, எது கடினம், எது நடக்கவே நடக்காது என்று கற்றுக்கொள்ளுங்கள். என்னிடம் வந்த ஒருவரும் இதுவரை சான்றிதழைக் கேட்டதில்லை. "இந்தக் கோட்டின் தோளைக் குறைக்க முடியுமா?" என்று கேட்காதவர் அரிது.

3. காகித வேலை (மூன்று முதல் ஆறு வாரம்)

அரசாங்கப் பக்கம் செய்ய வேண்டியவை நாட்டுக்கு நாடு மாறும் என்றாலும், கேட்க வேண்டிய கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுதான்: தனிநபராக, சொந்தப் பெயரிலேயே தொழில் செய்யலாமா, அல்லது தொழிற்பெயரைப் பதிவு செய்ய வேண்டுமா, உள்ளாட்சி உரிமம் தேவையா, எவ்வளவு வருவாயைத் தாண்டினால் விற்பனை வரிக்குப் பதிவு செய்ய வேண்டும், வீட்டிலிருந்து நடத்துவதானால் வாடகை ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுக்கிறதா. இவற்றுக்கு ஒரு கணக்கரிடம் ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்து ஒரே உட்காரலில் பதில் வாங்கிவிடுங்கள். தெரிந்தவரிடம் இலவசமாகக் கேட்டு நான் இழந்த நாட்களுக்கு அந்தக் கட்டணம் பரவாயில்லை. தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கை முதல் நாளே திறந்துவிடுங்கள்.

உங்கள் பக்கத்தில் நான்கு காகிதங்கள் தயாராக இருக்க வேண்டும்.

முதலாவது, ஒப்பந்தம். இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். சேவையின் அளவு, எத்தனை மணி நேரம், முன்பணம், மீதியை எப்போது தருவது, சந்திப்புக்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது என்பது, வாங்கும் உடைகளுக்கான பணத்தை வாடிக்கையாளரே கடையில் நேரடியாகச் செலுத்துவார் என்பது ஆகியவை அதில் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். நான் என் கார்டில் வாங்கிக் கொடுத்துப் பிறகு வசூலித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் ஒரு மாதம் கழித்து "அந்தக் காலணி எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லிப் பாதித் தொகையைப் பிடித்துக்கொண்டார். கை நஷ்டம் ஒரு பக்கம் இருக்க, ஆண்டு முடிவில் அந்தப் பணமெல்லாம் என் வங்கிக் கணக்கில் வரவாகப் பதிந்திருந்ததால், அது என் வருமானம் இல்லை என்று ஒவ்வொரு பில்லாகக் காட்ட நேர்ந்தது.

இரண்டாவது, கேள்வித்தாள். வேலை நாட்களில் எங்கே இருக்கிறார், எவ்வளவு நடக்கிறார், யார் துவைக்கிறார்கள், இஸ்திரி போட நேரம் இருக்கிறதா, எந்தத் துணி உடம்பில் அரிக்கிறது, உடலின் எந்தப் பகுதியை மறைக்க விரும்புகிறார், ஆண்டுக்கு உடைக்கு எவ்வளவு ஒதுக்க முடியும் என்பன அதில் வரும். சந்திப்புக்கு மூன்று நாள் முன்பே நிரப்பி வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது, புகைப்பட இசைவுப் படிவம். ஒரே கையெழுத்தில் எல்லாவற்றுக்கும் சம்மதம் வாங்காதீர்கள். எனது கோப்பில் மட்டும், முகம் தெரியாமல் பொதுவில், முகத்தோடு பொதுவில் என்று மூன்று கட்டங்கள் வைத்து, எதை வேண்டுமானாலும் டிக் செய்ய விடுங்கள். பிறகு மனம் மாறினால் எத்தனை நாளில் நீக்குவீர்கள் என்பதையும் எழுதுங்கள். படத்தைப் புகைப்படக் கலைஞர் எடுத்தால், பெரும்பாலான நாடுகளில் அதன் பதிப்புரிமை எடுத்தவருக்கே போகும். அவரிடமும் எழுத்தில் அனுமதி வேண்டும்.

நான்காவது, வரிசை எண்ணிட்ட ரசீது. முதல் வாடிக்கையாளர் உங்கள் நெருங்கிய தோழியாக இருந்தாலும் ரசீது கொடுங்கள்.

பிறர் வீட்டு அலமாரியைக் கையாளும் தொழில் இது. விலையுயர்ந்த உடையில் கறை பட்டாலோ கிழிந்தாலோ யார் பொறுப்பு என்ற கேள்வி என்றைக்காவது வரும். பொறுப்புக் காப்பீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று மட்டுமாவது இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. விலையை மணிக்கணக்கிலிருந்து பிறப்பியுங்கள்

என் பெரிய தவறு இங்கேதான் நடந்தது. அலமாரிச் சீரமைப்பு மூன்று மணி நேர வேலை என்று நினைத்து மூன்று மணிக்குக் கட்டணம் சொன்னேன். ஒரு மாதம் கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைத்தபோது தெரிந்த கணக்கு இது: முதல் தொலைபேசிப் பேச்சு அரை மணி, கேள்வித்தாளைப் படித்துத் தயாராவது அரை மணி, போய்வருவது ஒரு மணி, அலமாரி முன் மூன்று மணி, படங்களைப் பிரித்து அடுக்குவது ஒரு மணி, வாங்க வேண்டியவற்றின் பட்டியலும் உடைச் சேர்க்கைகளும் எழுதுவது ஒன்றரை மணி, பிறகு வரும் வாட்ஸ்அப் கேள்விகளுக்குப் பதில் சொல்வது அரை மணி. ஆக 8 மணி. ஐந்து மணி நேரத்தை ஒவ்வொரு முறையும் தானமாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது உங்கள் கணக்கைப் போடுங்கள். 52 வாரத்தில் விடுப்பு, காய்ச்சல், வேலையே வராத நாட்கள் என்று 6 வாரத்தைக் கழித்தால் 46. வாரத்துக்கு 30 மணி உழைக்க முடியும் என்றால் அதில் பாதி கணக்கு எழுதவும் கடைகளைச் சுற்றிப் பார்க்கவும் ஆட்களிடம் பேசவும் போய்விடும்; வாடிக்கையாளருக்கென்று மிஞ்சுவது 15 மணி. 46 வாரத்துக்கு 690 மணி. ஓர் அமர்வுக்கு 8 மணி என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 86 முழு அமர்வுகள். குடும்பத்துக்குத் தேவையான தொகை, தொழிற்செலவு, வரிக்கு ஒதுக்க வேண்டியது ஆகிய மூன்றையும் கூட்டி 86-ஆல் வகுத்தால் வருவதுதான் உங்கள் ஓர் அமர்வின் அடிப்படைக் கட்டணம். அந்த எண் உங்களையே திடுக்கிட வைக்கலாம், என்னை வைத்தது.

அடுத்து, முதல் படியில் எழுதிய நோட்டை எடுத்துப் பாருங்கள். உங்கள் ஊர் ஆண்டுக்கு 86 புதியவர்களைத் தராது. ஆனால் 25 பேர் ஆளுக்கு ஒரு முழு அமர்வும், பருவம் மாறும்போது இரண்டு அரை அமர்வும் எடுத்தால் 50 அமர்வுக்குச் சமம். மீதியைப் பக்கத்து ஊர்கள், வீடியோ அழைப்பு அமர்வுகள், அலுவலகங்களில் குழுவாக நடத்தும் அரைநாள் வகுப்புகள் ஆகியவற்றிலிருந்து நிரப்ப வேண்டும். மீண்டும் வருபவர்களைச் சுற்றியே தொழிலை அமையுங்கள் என்று இந்தக் கணக்குதான் எனக்குச் சொன்னது.

சிறு ஊரில் விலையைக் கெடுப்பது முகதாட்சண்யம். அத்தை மகள், பழைய வகுப்புத் தோழி, வீட்டு உரிமையாளரின் மனைவி என்று எல்லோருமே தெரிந்தவர்கள். ஒருவருக்குக் குறைத்தால் அந்தத் தொகையே ஊரின் விலையாகிவிடும். தள்ளுபடி தருவதானால் விலையைக் குறைக்காமல் வேலையின் அளவைக் குறையுங்கள்: முழு அலமாரிக்குப் பதிலாக அலுவலக உடைகள் மட்டும், மூன்று மணிக்குப் பதில் ஒன்றரை மணி.

5. கருவிகள்: குறைவாக வாங்குங்கள், சரியாக வாங்குங்கள்

ஃபைபர் கிளாஸ் அளவு நாடா ஒன்று. சாதாரணத் துணி நாடா நாளடைவில் இழுபட்டு நீளும் என்பதால், எதை வாங்கினாலும் அவ்வப்போது இரும்பு ஸ்கேலுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வோர் அளவையும் இரண்டு முறை எடுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் மூன்றாம் முறை. குண்டூசி, துணி கிளிப், மடக்கக்கூடிய துணி ஸ்டாண்டு, அச்சிடாத வெள்ளைத் துணி ஒன்று, பல நிறங்களில் துணித் துண்டுகள்.

கண்ணாடிக்கு ஆளுயரம் தேவையில்லை. சமதளக் கண்ணாடியில் ஒருவர் தம்மை முழுதாகப் பார்க்க அவர் உயரத்தில் பாதி போதும். ஆனால் குட்டையானவர், நெட்டையானவர் இருவருக்கும் பயன்பட வேண்டுமே. 120 சென்டிமீட்டர் உயரக் கண்ணாடியைத் தரையிலிருந்து 65 சென்டிமீட்டரில் மாட்டினால் 150 முதல் 190 சென்டிமீட்டர் வரை உயரமுள்ளவர்கள் காலணியோடு தெரிவார்கள். சுவரோடு நேராக மாட்டுங்கள். லேசாகச் சாய்ந்தாலும் உருவம் நீண்டோ குறுகியோ தெரியும்; கடைகளில் அழகாகத் தெரிந்த கால்சட்டை வீட்டில் ஏமாற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

விளக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு துணிகள் வேறு வெளிச்சத்தில் வேறு வேறாகத் தெரிவது சாயத்தின் இயல்பு. மஞ்சள் விளக்கின் கீழ் கறுப்பு என்று நினைத்து நான் பொருத்திக் கொடுத்த கோட்டும் கால்சட்டையும், மறுநாள் வெயிலில் ஒன்று கருநீலமாகவும் ஒன்று கறுப்பாகவும் நின்றன. அவர் அதை உடுத்தி ஒரு நேர்காணலுக்குப் போயிருந்தார். 5000 முதல் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) வரையிலான, சி.ஆர்.ஐ. (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90-க்கு மேல் என்று அட்டையில் அச்சிட்ட எல்.இ.டி. பல்பு வாங்குங்கள். நிற முடிவுகளை முடிந்தவரை பகலில், ஜன்னல் அருகில் எடுங்கள்.

6. கடைக்காரரும் தையல்காரரும்

ஊரில் உள்ள ஒவ்வொரு துணிக்கடைக்கும் கூட்டமில்லாத நேரத்தில் போய், என்னென்ன அளவுகள் உண்மையில் இருப்பில் இருக்கின்றன, புதுச் சரக்கு எந்தக் கிழமை வருகிறது, பில்லோடு திருப்பித் தர எத்தனை நாள் கெடு என்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். திருப்பித் தரும் கெடுவில் பாதி நாள் கழிவதற்குள் வாடிக்கையாளரை வீட்டில் ஒருமுறை உடுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவரை உடையில் தொங்கும் விலை அட்டையை அறுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

கமிஷன் பேச்சு கட்டாயம் வரும். "ஆள் கூட்டி வாருங்கள், பத்துக்கு ஒன்று உங்களுக்கு" என்பார்கள். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். மறைப்பது மட்டும் கூடாது. கடைப் பையன் யாரிடமாவது பேச்சுவாக்கில் சொல்ல ஒரு வாரம் போதும், அதன் பிறகு நீங்கள் நல்ல மனதோடு தேர்ந்தெடுத்த சட்டையும் கமிஷனுக்காகத் தேர்ந்தெடுத்ததாகவே பார்க்கப்படும். நான் கமிஷனுக்குப் பதிலாக என் வாடிக்கையாளர்களுக்கு அதே அளவு தள்ளுபடி கேட்டேன். இரண்டு கடைகள் சம்மதித்தன, ஒன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

தையல்காரர் உங்களுக்குக் கூட்டாளி மாதிரி. அவரிடம் விலைப்பட்டியல் வாங்கி வைத்துக்கொண்டு, திருத்தச் செலவையும் சேர்த்தே வாடிக்கையாளரிடம் மொத்தத் தொகையைச் சொல்லுங்கள். கால்சட்டை நீளம், இடுப்புச் சுற்றளவு, கை நீளம் ஆகியவை பொதுவாக எளிய திருத்தங்கள். தோளைக் குறைப்பதானால் கையைப் பிரித்து மீண்டும் பூட்ட வேண்டும், கோட்டில் அது பெரிய வேலை. ஆகவே வாங்கும்போது தோள் பொருந்துகிறதா என்பதையே முதலில் பாருங்கள். பெரிதாக்குவது தையலின் உட்பக்கத்தில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தோல் உடையில் பிரித்த தையலின் ஊசித்துளைகள் மறையவே மறையா. பருத்தி உடையைத் திருத்தத்துக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை துவைத்துவிடச் சொல்லுங்கள். திருத்திய பிறகு சுருங்கினால் பழி உங்கள் மேல்தான் விழும்.

7. ஐந்து பேரிடம் பயிற்சி, பாதிக் கட்டணத்தில் (ஆறு வாரம்)

இலவசமாகச் செய்யாதீர்கள். இலவச அமர்வுக்கு வருபவர் தாமதமாக வருவார், பட்டியலைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார், குறையையும் சொல்ல மாட்டார். பாதிக் கட்டணம் என்பதை ரசீதில் முழுத்தொகையையும் கழிவையும் தனித்தனியாகக் காட்டி எழுதுங்கள்.

அமர்வில் நான் இப்போது பின்பற்றும் முறை: உடைகளை எல்லாம் கட்டிலில் குவிக்கச் சொல்வதில்லை, அது வாடிக்கையாளரை மலைக்க வைத்துவிடும். கடந்த வாரம் உண்மையில் உடுத்தியவற்றை மட்டும் முதலில் ஸ்டாண்டில் மாட்டச் சொல்வேன். ஒருவருடைய ஸ்டாண்டில் ஒரே மாதிரியான மூன்று சாம்பல் நிறச் சட்டைகள் தொங்கின. அலமாரியிலோ அட்டைகூட அறுக்காத வண்ண உடைகள் வரிசையாக இருந்தன. கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பராமரிப்புக் குறிகளைப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. வண்ண உடைகள் அத்தனையிலும் தண்ணீர்த் தொட்டிக் குறியின் மேல் பெருக்கல் அடையாளம், பக்கத்தில் வட்டம். வீட்டில் துவைக்கக் கூடாது, டிரை கிளீனிங் மட்டும். அவருக்கு அதற்கு நேரமும் இல்லை, பக்கத்தில் வசதியும் இல்லை. அவருடைய ரசனையில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் துவைக்கக்கூடிய துணியில் அதே வண்ணங்களைத் தேடிக் கொடுத்தது மட்டுமே அன்று நான் செய்த வேலை. இன்றும் பருவத்துக்கு ஒருமுறை அழைக்கிறார்.

எதையும் "தூக்கிப் போடுங்கள்" என்று சொல்லாதீர்கள். சந்தேகமானவற்றைப் பெட்டியில் கட்டித் தேதி எழுதி, ஆறு மாதம் வைக்கச் சொல்லுங்கள். இறந்துபோன தாயின் கோட்டை நான் அவசரப்பட்டுக் கழித்துக் கட்டச் சொன்னது ஒரு வாடிக்கையாளரை இழக்கப் போதுமானதாக இருந்தது.

8. விளம்பரமும் வாய்க்கட்டுப்பாடும்

இப்போதுதான் விசிட்டிங் கார்டு. சிறு ஊரில் "முன்பு, பின்பு" படங்கள் எதிர்விளைவையே தரும். முகத்தை மறைத்தாலும் கைக்கடிகாரத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். என் பக்கத்தில் என்னையும், ஸ்டாண்டில் மாட்டிய உடைகளையும் மட்டுமே போடுகிறேன். முடிதிருத்துபவர், தையல்காரர், உடற்பயிற்சிக்கூடப் பயிற்சியாளர் ஆகியோர் அனுப்பியவர்களே என்னிடம் அதிகம். யார் யார் உங்களிடம் வருகிறார்கள் என்பதை வீட்டில்கூடச் சொல்லாதீர்கள். தெருவில் பார்த்தால் அவர் முதலில் பேசும் வரை அமர்வைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம்.

கடைகள் சிலவே என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே விருந்துக்குப் போன என் வாடிக்கையாளர்கள் இருவர் ஒரே பச்சை நிற மேற்சட்டையில் எதிரெதிரே நின்றார்கள். இரண்டையும் தேர்ந்தெடுத்தவள் நான். அன்றிலிருந்து எந்த உடை, யாருக்கு, எந்த நிகழ்ச்சிக்கு என்று ஒரு பேரேடு வைத்திருக்கிறேன். கடையில் கை நீட்டும் முன் அதைத்தான் பார்ப்பேன்.

9. முதல் ஆண்டின் பணவரத்து

வேலை சீராக வராது. விழாக்களுக்கு முன்னும் பருவம் மாறும்போதும் குவியும், மற்ற மாதங்களில் வெறிச்சோடும். ஆறு மாதக் குடும்பச் செலவு கையில் இருந்தால்தான் வேலையை விட யோசியுங்கள். வரும் ஒவ்வொரு தொகையிலிருந்தும் வரிக்கான பங்கை அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். கட்டணத்தை ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே தேதியில் மட்டும் மாற்றுங்கள். பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் தெரிவித்து, அந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டியவர்களுக்குப் பழைய கட்டணமே என்று சொல்லிவிடுங்கள். நான் அப்படி எழுதிய மாதத்தில்தான் வெறிச்சோடும் காலத்துக்கான தேதிகள் முதன்முறையாக நிரம்பின.